பேரேட்டில் என் பெயர் எங்கே?

இந்தப் பாடத்தைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் பிறந்த ஊரிலேயே இருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். பெண்களில் பலர் தூக்க மாட்டீர்கள். கல்யாணம் ஆனதும் ஊர் மாறியிருக்கும். ஆண்களில் பலர் பிழைப்புக்காக ஊர் மாறியிருப்பீர்கள்.

2011ஆம் ஆண்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. முன்பு இருந்த ஊரை விட்டு வேறு ஊரில் வாழ்கிறவர்கள் 45 கோடிப் பேருக்கும் மேல் என்று அது சொன்னது. மாநில எல்லையையே தாண்டி வந்தவர்கள் சுமார் 5.4 கோடி. இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. ஆறு மாதம் செங்கல் சூளையில், ஆறு மாதம் சொந்த ஊரில் என்று போய்வருகிறவர்கள் இதில் சரியாக வருவதில்லை. கணக்கு எடுப்பவர் கதவைத் தட்டும்போது வீடு பூட்டிக் கிடக்கும்.

இப்படி இடம் மாறி உழைக்கிறவர்களைப் புலம்பெயர் தொழிலாளர் என்கிறோம். இவர்களின் மானத்தையும் மரியாதையையும் காக்கச் சட்டம் உண்டா? உண்டு. 1979ஆம் ஆண்டிலேயே வந்தது. பிறகு ஏன் இவர்கள் படும் பாடு குறையவில்லை? சட்டம் இருப்பது ஒன்று. அது ஓர் ஆளின் கையில் வந்து சேர்வது வேறு ஒன்று. நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இரண்டு ஆள், ஒரு பெயர்

எங்கள் வாசிப்பு வட்டம் பெங்களூரில் நடக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. வட்டத்துக்கு வரும் ஓர் அக்கா சித்தாள் வேலை செய்கிறார். தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் அவர் முதலில் படித்துப் பார்த்தது மேஸ்திரியின் நோட்டை. அதில் அவர் பெயர் இல்லை. கணவர் பெயருக்கு எதிரே "2 ஆள்" என்று இருந்தது.

"அந்த ரெண்டுல நான் ஒண்ணா தம்பி?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லும் முன்பே பக்கத்தில் இருந்த பாட்டி சொன்னார்: "நோட்டுல பேரு இல்லாட்டி என்னடி, கூலி வருதில்ல?"

வருகிறது. ஆனால் யார் கைக்கு வருகிறது? அந்த அக்கா சாரத்திலிருந்து விழுந்தால், அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு என்ன சாட்சி?

இது பெங்களூரில் மட்டும் நடப்பது இல்லை. மகாராஷ்டிராவில் பீட் என்று ஒரு மாவட்டம். மழை குறைந்த பூமி. தீபாவளியை ஒட்டி அங்கிருந்து லட்சக்கணக்கானவர்கள் கரும்பு வெட்டக் கிளம்புவார்கள். மேற்கு மகாராஷ்டிராவுக்கும் கர்நாடகத்துக்கும் போவார்கள். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்குப் பெயர் "கோய்தா". கோய்தா என்றால் அரிவாள். இரண்டு மனிதர்கள் சேர்ந்தால் ஓர் அரிவாள்! வெட்டிய கரும்பு எத்தனை டன் என்று பார்த்து அந்த அரிவாளுக்குக் கூலி. மனைவியின் கூலி எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் சொல்ல யாராலும் முடியாது.

சூளைக்குப் போகும் ரயில்

ஒடிசாவின் மேற்குப் பகுதியில் பலாங்கிர், நுவாபாடா, காளஹாண்டி என்ற மாவட்டங்கள் இருக்கின்றன. மானாவாரி நிலம்தான் அதிகம். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் அங்கே "நுவாகாய்" என்ற பண்டிகை. புது நெல்லைச் சாமிக்குப் படைத்து உண்ணும் நாள். நம் பொங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்குப் பணம் வேண்டும். அந்தச் சமயம் பார்த்துத் தரகர் வருவார். அங்கே அவருக்கு "சர்தார்" என்று பெயர். கையில் முன்பணம் கொடுப்பார்.

ஓர் ஆண், ஒரு பெண், கூட ஒரு பிள்ளை அல்லது இன்னோர் ஆள். இது ஒரு குழு. முன்பணம் இந்தக் குழுவுக்குத்தான். அறுவடை முடிந்ததும் காண்டாபாஞ்சி ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு கூட்டம் கூடும். தெலங்கானா, ஆந்திரா, தமிழ்நாடு என்று சூளைகளுக்குப் போவார்கள். மழை தொடங்கும் முன் திரும்புவார்கள்.

சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஆண் மண் குழைப்பார். பெண் உருண்டை பிடிப்பார், கல் அறுப்பார். பிள்ளை காய்ந்த கல்லைத் திருப்பிப் போடும். வாரச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும். மீதி எல்லாம் முன்பணத்தில் கழியும். எத்தனை கல் அறுத்தார்கள் என்று எழுதும் நோட்டு சூளைக்காரரிடம் இருக்கும். அறுத்தவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும் தெலுங்கு எழுத்து தெரியாது.

முன்பணம் தீராமல் ஊருக்குக் கிளம்ப விட மாட்டார்கள். 2013 டிசம்பரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காளஹாண்டிப் பக்கத்துத் தொழிலாளர்கள் முன்பணம் வாங்கியிருந்தார்கள். வழியில் பலர் தப்பிப் போனார்கள். தப்ப முடியாத இருவரின் வலது கையைத் தரகரும் அவர் ஆட்களும் வெட்டினார்கள். உழைக்கும் கையை! முன்பணம் என்ற சொல் கேட்க இனிமையாக இருக்கும். எல்லா முன்பணமும் இப்படி முடியாது. ஆனால் முன்பணம் கொடுத்தவர் உங்கள் காலையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்தால், அது கொத்தடிமைத்தனம்.

1979ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தக் கொடுமையை முதலில் சட்டமாக எழுதிப் பார்த்தது ஒடிசாதான். 1975இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ஆனால் தொழிலாளி எல்லை தாண்டியதும் அந்தச் சட்டத்தால் என்ன செய்ய முடியும்? அதனால் நாடு முழுவதுக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று பேச்சு வந்தது. 1979இல் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை மற்றும் பணி நிலைமைகள்) சட்டம் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். 1980 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது.

பெயர் நீளம் என்றாலும் அதில் இருந்தவை எளிமையானவை. தரகர் உரிமம் வாங்க வேண்டும். ஆளைக் கூட்டிப்போவதற்குத் தனிப்படி தர வேண்டும். அது மாதக் கூலியில் பாதி, அல்லது 75 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. போகவும் வரவும் பயணச் செலவு தர வேண்டும். ரயிலில் போகும் நாளுக்கும் கூலி உண்டு. தங்க இடம், மருத்துவம், விபத்து நடந்தால் வீட்டாருக்கும் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் தகவல்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய ஒரு பாஸ் புத்தகம் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. எங்கே வேலை, எத்தனை நாள், கூலி எவ்வளவு, எதற்காகப் பிடித்தம் என்று அதில் எழுத வேண்டும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். தொழிலாளியின் மொழி வேறு என்றால் அந்த மொழியிலும் எழுத வேண்டும். புத்தகம் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். கணக்கு நோட்டை முதலாளியிடமிருந்து பிடுங்கித் தொழிலாளியிடம் கொடுத்த சட்டம் அது. குறைந்தபட்சம் காகிதத்தில்.

நடைமுறையில் தரகர்களில் பெரும்பாலோர் உரிமமே வாங்கவில்லை. உரிமம் இல்லாதவர் பாஸ் புத்தகமா தரப்போகிறார்? ஆள் கிளம்பும் ஊரில் எழுதி வைக்க ஆள் இல்லை. ஆள் போய்ச் சேரும் ஊரில் கேட்க ஆள் இல்லை. ஒரு மாநிலம் "எங்கள் ஆள் இல்லை" என்றது. இன்னொரு மாநிலம் "எங்களிடம் இல்லை" என்றது.

ஒரு ரூபாய் வழக்கு

1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அரங்கங்கள், மேம்பாலங்கள் எல்லாம் அவசரமாக எழும்பின. உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், ஒடிசா ஆகிய மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்தவர்கள் ஜமாதார்கள். ஜமாதார் என்றால் நம் ஊர் மேஸ்திரி மாதிரி.

அப்போது குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் தலைக்கு 1 ரூபாய் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் கொடுக்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜமாதாரிடம் நூறு ஆண்கள் வேலை செய்தால் நாளுக்கு 100 ரூபாய் சும்மா வரும். நூறு பெண்கள் என்றால் 225 ரூபாய்.

ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் என்ற அமைப்பு மூன்று சமூக ஆய்வாளர்களை அனுப்பி விசாரித்தது. அவர்கள் எழுதிய அறிக்கையோடு உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் போனது. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது.

1982 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. நம் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடை செய்கிறது. கட்டாயம் என்றால் என்ன? கையில் சவுக்கு வைத்திருப்பது மட்டுமா? பசியும் ஒரு கட்டாயம்தான் என்றது நீதிமன்றம். வேறு வழி இல்லாததால்தான் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்கிறார். ஆகவே அதுவும் கட்டாய வேலையே. அந்த ஒரு ரூபாய் வெறும் ஒரு ரூபாய் இல்லை. அரசியல் சட்டத்தை மீறிய ரூபாய்.

இன்னொரு விஷயமும் அந்த வழக்கில் வெளியே வந்தது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான விதிகள் டெல்லியில் 1982 ஜூன் மாதம்தான் வந்தன. கட்டடங்கள் பாதிக்கு மேல் எழும்பிவிட்ட பிறகு!

அடுத்த ஆண்டு இன்னொரு தீர்ப்பு. டெல்லியை ஒட்டிய பரீதாபாத்தில் கல் குவாரிகள் இருந்தன. வெளிமாநிலத் தொழிலாளர்கள் அங்கே தூசியைச் சுவாசித்து, அழுக்குத் தண்ணீர் குடித்து வேலை செய்தார்கள். கொத்தடிமை விடுதலை முன்னணி என்ற அமைப்பு கடிதம் எழுதியது. 1983 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை என்பது மனித மாண்போடு வாழும் உரிமை என்றது. மாண்பு என்றால் மானமும் மரியாதையும்.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டாய வேலை நடக்கிறது என்று தெரிந்தால், அது முன்பணத்துக்காக நடக்கும் கொத்தடிமை வேலை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். "இல்லை" என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவர்தானே கணக்குக் காட்ட வேண்டும்? எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியிடம் "ஆதாரம் கொண்டு வா" என்று கேட்பது என்ன நியாயம்?

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன்படி அந்த முன்பணக் கடன் செல்லாது. திருப்பித் தர வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ விசாரித்து விடுதலைச் சான்று தர வேண்டும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கொடுக்க மத்திய அரசின் திட்டத்தில் இடம் உண்டு. முழு மறுவாழ்வுத் தொகை பெரியது. ஆனால் அது வழக்கில் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு எப்போது முடியும்? இந்தப் பிணைப்பு சரியில்லை என்பது என் எண்ணம்.

நடந்தே போனவர்கள்

2020 மார்ச் 24 இரவு 8 மணி. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். இடையில் இருந்தது நான்கு மணி நேரம். ரயில் இல்லை, பேருந்து இல்லை, வேலை இல்லை. வாடகை மட்டும் இருந்தது.

பிறகு நடந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, காலில் கொப்புளம். எங்கள் தெருவிலும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் பலர் கட்டட வேலைக்கு இருந்தார்கள். சில நாட்களில் பல அறைகள் காலியாகின. அவர்கள் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. "இந்திக்காரப் பையன்" என்போம். அவன் பேசியது ஒடியா மொழி.

மே 8 அதிகாலையில், அப்போது அவுரங்காபாத் என்று அழைக்கப்பட்ட ஊரின் அருகே, தண்டவாளத்தில் படுத்துத் தூங்கியவர்கள் மேல் சரக்கு ரயில் ஏறியது. 16 பேர் இறந்தார்கள். மத்தியப் பிரதேசத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். ரயில்தான் ஓடவில்லையே என்று நம்பிப் படுத்தார்கள். அவர்கள் வைத்திருந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன.

தொழிலாளர்களுக்கான தனி ரயில்கள் மே 1ஆம் தேதி முதல் ஓடின. கட்டணம் யார் தருவது என்று சண்டை நடந்தது. மே 28 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டது. தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. அந்த ரயில்களில் 60 லட்சம் பேருக்கும் மேல் ஊர் திரும்பினார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி. ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள்? அந்தப் புள்ளிவிவரம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது.

ஏன் இல்லை? 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தரகரும் பதிவு செய்திருந்தால், யார் எங்கே இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிந்திருக்கும். 41 ஆண்டு எழுதாமல் விட்ட நோட்டு அது. உணவு கொடுக்க நினைத்த அதிகாரிக்கும் யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை.

2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்புச் சொன்னது. அமைப்பு சாராத் தொழிலாளர் எல்லோரையும் பதிவு செய்யுங்கள், எந்த ஊரில் இருந்தாலும் ரேஷன் கொடுங்கள் என்று காலக்கெடு வைத்தது. ஆகஸ்ட் 26 அன்று இ-ஷ்ரம் என்ற பதிவு தொடங்கியது. 30 கோடிப் பேருக்கும் மேல் பதிவு செய்திருக்கிறார்கள். 16 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்கள், வருங்கால வைப்பு நிதியோ ஈ.எஸ்.ஐ.யோ இல்லாதவர்கள், பதிவு செய்யலாம். 12 இலக்க எண் கிடைக்கும். கட்டணம் கிடையாது. சந்தேகம் இருந்தால் 14434 என்ற எண்ணில் கேட்கலாம். பதிவு செய்ததால் மட்டும் பணம் வந்துவிடாது. ஆனால் இது ஒவ்வோர் ஆளுக்கும் தனி எண். கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. இதில் "2 ஆள்" கிடையாது.

இப்போது உள்ள சட்டம்

1979ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை நான்கு தொகுப்புகளாக ஆக்கினார்கள். அவை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. புலம்பெயர் தொழிலாளரைப் பற்றியவை, தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பில் இருக்கின்றன. நாடாளுமன்றம் அதை 2020இல் நிறைவேற்றியது.

இதில் நல்லது உண்டு. முன்பு தரகர் மூலம் போனவர்தான் புலம்பெயர் தொழிலாளி. தானாக ரயில் ஏறி வந்தவருக்கு அந்தச் சட்டம் இல்லை. இப்போது தானாக வந்தவரும் சேர்ந்திருக்கிறார். மாதக் கூலி 18,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஊருக்குப் போய்வரப் பயணப்படி உண்டு. வேலை கொடுப்பவர் நியமனக் கடிதம் தர வேண்டும். இலவசத் தொலைபேசி உதவிக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

குறையும் உண்டு. முன்பு ஐந்து வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தாலே சட்டம் பொருந்தும். இப்போது பத்துப் பேர் இருக்க வேண்டும். சூளையில் ஐந்து குடும்பம் இருந்து, நோட்டில் ஆண்கள் பெயர் மட்டும் இருந்தால் கணக்கு என்ன ஆகும்? பத்துப் பேர் உழைப்பார்கள். நோட்டு ஐந்து என்று சொல்லும். அங்கே சட்டம் நுழையாது. முன்பு இருந்த தனிப்படியும் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகமும் புதிய சட்டத்தில் இல்லை. பாஸ் புத்தகம் போனது பெரிய நட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. நியமனக் கடிதம் வேலையில் சேரும் நாளைச் சொல்லும். பாஸ் புத்தகம் பிடித்தத்தையும் சொன்னது.

கூலித் தொகுப்பில் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கூலி பாக்கியைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கொடுக்காமல் ஓடிப்போனால், வேலை வாங்கிய பெரிய முதலாளி கொடுக்க வேண்டும். "அவனையே போய்க் கேள்" என்று அவர் கை விரிக்க முடியாது. மூன்று ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்கக் காசு இல்லை என்றால் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். அது இலவசச் சட்ட உதவி.

ரேஷன் எங்கே வாங்குவது?

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை என்ற திட்டம் 2019இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2022 ஜூன் மாதத்துக்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. கைரேகை வைத்து எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம். பாதிக் குடும்பம் ஊரில், பாதிக் குடும்பம் வேலை இடத்தில் என்றாலும் பிரித்து வாங்கலாம். ஆனால் ஒன்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டைக்கு மட்டும்தான் இது. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் அட்டை உண்டு. அதில் "முன்னுரிமை அற்ற" என்று எழுதியிருந்தால் வெளிமாநிலத்தில் செல்லாது. கிளம்பும் முன் அட்டையைப் படித்துப் பாருங்கள்.

விருந்தாளியா, குடிமகனா?

கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளரை "அதிதி தொழிலாளி" என்கிறார்கள். அதிதி என்றால் விருந்தாளி. 2010இலேயே அங்கே இவர்களுக்கு ஒரு நலத்திட்டம் வந்தது. 2017இல் மருத்துவக் காப்பீடு வந்தது. அதே ஆண்டில் அந்த மாநில எழுத்தறிவு இயக்கம் பெரும்பாவூரில் ஒரு வேலை தொடங்கியது. வெளிமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். "சங்ஙாதி" என்று பெயர். தோழன் என்று பொருள். பெரும்பாவூர் எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கிறது. 1990இல் நாட்டிலேயே முதலில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் அது. பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரிந்தால் ஏமாறாமல் போகலாம். மேஸ்திரி நோட்டைப் படிக்கத் தெரிந்தால் ஏமாறாமல் வாங்கலாம்.

விருந்தாளி என்ற சொல் நல்ல சொல். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம். விருந்தாளிக்குச் சோறு போடுவது வீட்டுக்காரர் மனசைப் பொறுத்தது. மனசு மாறினால்? நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, நாட்டில் எங்கும் போகவும் எங்கும் குடியிருக்கவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் உரிமை தருகிறது. யாருடைய தயவும் வேண்டாம்.

ஹரியானாவில் ஒரு சட்டம் போட்டார்கள். தனியார் நிறுவனங்களில் மாதம் 30,000 ரூபாய் வரை சம்பளம் உள்ள வேலைகளில் நூற்றுக்கு 75 அந்த மாநிலத்தாருக்கே என்றார்கள். 2023 நவம்பர் 17 அன்று பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது.

எங்கள் வட்டத்தில் இதைப் படித்தபோது ஓர் அண்ணன் கோபப்பட்டார். "அவங்க குறைஞ்ச கூலிக்கு வர்றதாலதானே நமக்கு வேலை போகுது?" என்றார். நியாயமான கேள்வி. அவர்களை விரட்டினால் வேறு யாராவது குறைந்த கூலிக்கு வருவார்கள். அவர்களுக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டும் என்று ஆனால், மேஸ்திரிக்கு அவர்களை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆசை போய்விடும். அண்ணன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது பாட்டி சொன்னார்: "நாம வந்தப்பவும் இந்த ஊர்க்காரங்க இதையேதான் சொன்னாங்க."

எழுதிப் பழகுங்கள்

வேலைக்கு வெளியூர் கிளம்பும் முன் நோட்டில் ஒரு பக்கம் இப்படி எழுதுங்கள். கணவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம்.

என் பெயர் ............
என் ஊர், மாவட்டம், மாநிலம் ............
கூட்டிப்போகிறவர் பெயர், தொலைபேசி எண் ............
வேலை செய்யும் இடம், முதலாளி பெயர் ............
பேசிய கூலி: நாளுக்கு / ஆயிரம் கல்லுக்கு ............
வாங்கிய முன்பணம், தேதி ............
என் இ-ஷ்ரம் எண் ............

இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு நாளும் செய்த வேலையையும் வாங்கிய பணத்தையும் அடுத்த பக்கத்தில் தேதி போட்டு எழுதுங்கள்.

கணக்குப் போடுங்கள்

இது பயிற்சிக்காக நாங்கள் வைத்த கணக்கு. ஒரு குடும்பத்தில் மூன்று பேர் சூளைக்குப் போனார்கள். முன்பணம் 60,000 ரூபாய். ஆயிரம் கல்லுக்குக் கூலி 600 ரூபாய். மூவரும் சேர்ந்து நாளுக்கு 1,000 கல் அறுக்கிறார்கள். வாரத்துக்கு ஏழு நாள் வேலை. வாரச் செலவுக்கு 1,400 ரூபாய் வாங்குகிறார்கள். அதுவும் கூலியில் கழிகிறது.

முன்பணம் தீர எத்தனை வாரம் ஆகும்? ஒருவருக்கு நாள் கூலி எவ்வளவு விழுகிறது? உங்கள் மாநிலத்தில் இப்போது குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு, அதன் பக்கத்தில் எழுதுங்கள்.